தெளிந்த வட்டம்

கிருமி வளர்க்கும் சிவப்புத் தட்டு முழுக்க வியர்வைத் துளிகள் போலக் கிருமிகள் முளைத்திருந்தன. ஐந்து வயது நிவேதனின் மூக்குச் சளியிலிருந்து ஆய்வகத்து ஷாகிரா வளர்த்தவை. சைனஸில் கட்டிய சீழ் மூளைக்குப் பரவி அவன் இறந்துபோக, முந்தாநாள் அடக்கம் செய்திருந்தார்கள். ரிப்போர்ட் வாங்க வந்த அவன் அம்மா தமயந்தி, "என் புள்ளைகிட்ட இருந்தது இன்னும் உயிரோடவா இருக்கு?" என்று கேட்டாள். ஷாகிரா மூடியைத் திறக்காமல் தட்டைக் காட்டினாள். நடுவில் மருந்தில் தோய்த்த சின்னக் காகிதப் பொட்டு. அதைச் சுற்றி மட்டும் எதுவுமே முளைக்காமல் வட்டமாகத் தெளிந்திருந்தது.

"இங்க மட்டும் ஏன்மா ஒண்ணுமில்ல?"

"அந்த மருந்துக்குச் செத்துடுச்சுக்கா."

"எந்த மருந்து?"

ஷாகிரா பெயரைச் சொன்னாள். தமயந்தியின் விரல் மூடியின் மேல் அந்த வட்டத்தையே சுற்றிச் சுற்றி வந்தது.

"ரோஸ் கலர் சிரப்பா? பத்து நாள் குடுக்கச் சொன்னாங்க, சளி நின்னதும் நிறுத்திட்டேன். பாதி பாட்டில் ஃப்ரிட்ஜுல இருக்கு."

ஷாகிரா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நேத்து சின்னவளுக்கு மூக்கு ஒழுகுச்சு. அதைத்தான் ஊத்தினேன்" என்றாள் தமயந்தி. "காலையில நின்னுடுச்சு. மிச்சத்த மூடி வச்சுட்டுத்தான் வந்தேன்."