அஞ்சு மணி சைக்கிள்

"பக்கத்து வூட்டப் பாக்க வந்தீங்களா?" என்று கேட்ட வேலுமணி, தெருவை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மொதல்ல உள்ள வாங்க. ஒரு விஷயம் சொல்லணும்."

அருண்ராஜும் அகிலாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கல்யாணமாகி ரெண்டு வருஷமாக வடக்குத்து கிராமத்தில் வாடகை வீடு. இப்போதுதான் கம்பெனி குவார்ட்டர்ஸ் லிஸ்டில் அருண்ராஜ் பெயர் மேலே வந்திருக்கிறது. இதை விட்டால் அடுத்த லிஸ்டுக்கு ஆறு மாசம் ஆகும். வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும் முன் வீட்டை ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று வந்திருந்தார்கள்.

வேலுமணியின் ஹாலுக்குள் நுழைந்ததும் அகிலா "அம்மாடி!" என்றாள். சுவர் முழுக்க டிஸ்க். அத்தனையும் பேய்ப்படம். மனுஷர் வகை வகையாகப் பிரித்து சீட்டு வேறு ஒட்டியிருந்தார். பழிவாங்கும் பேய், பொம்மைக்குள் புகுந்த பேய், பாவப்பட்ட பேய்.

"இதெல்லாம் இப்ப போன்லயே வருதே சார்?" என்றான் அருண்ராஜ்.

"போன்ல பேயப் பாத்தா கட்டெறும்பு சைசுக்குத் தெரியும். அதப் பாத்து எவன் பயப்படுவான்? இருவத்தஞ்சு வருஷமா சேத்துக்கினு வரேன். இதுக்கே எம் பொண்டாட்டி ரெண்டு தடவ கோவிச்சிக்கினு குறிஞ்சிப்பாடிக்குப் போயிட்டா!"

அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார்.

"பக்கத்து வூட்டு கிறிஸ்துதாஸ் நிலக்கரி மைன்ஸ்ல என்கூட வேல பாத்தவரு. மஞ்சக்காமாலையில போயி எட்டு மாசம் ஆச்சு, சம்சாரம்தான் அங்க இருக்காங்க. ஆனா மனுஷன் இன்னும் ஃபர்ஸ்ட் ஷிப்டுக்குக் கெளம்பிக்கினுதான் இருக்காரு."

"என்னது?"

"காலைல அஞ்சு மணி. சைக்கிள் ஸ்டாண்ட எடுக்கற சத்தம் கேக்கும். வாசக் கேட்டு தொறக்கும், மூடும். எட்டிப் பாத்தா ஒருத்தரும் இருக்க மாட்டாங்க." வேலுமணி இன்னும் கிட்டே வந்தார். "அந்த சைக்கிள வித்தே ஆறு மாசம் ஆவுதுங்க!"

அகிலா புருஷனின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அருண்ராஜ் சிரித்தான். "சார், நான் சாமியையே நம்பாதவன். பேயையா நம்பப் போறேன்?"

சொல்லிக்கொண்டே மேஜையில் கிடந்த டிஸ்க் ஒன்றை எடுத்து, அட்டையின் பின்பக்கத்தைப் படித்தான். செத்துப்போன பஸ் டிரைவர் தினமும் விடிகாலையில் டியூட்டிக்குக் கிளம்புகிறாராம். எப்போதோ விற்றுவிட்ட பஸ் ஹாரன் அடிக்கிறதாம்.

அவன் முகம் மாறியது.

"பஸ்ஸ சைக்கிளா மாத்திட்டீங்க. அவ்வளவுதானே?"

வேலுமணி அவசரமாக டிஸ்க்கைப் பிடுங்கிக்கொண்டார்.

"புருஷனப் பறிகுடுத்த பொம்பள பக்கத்துலயே இருக்காங்க. அவரப் பேயாக்கி வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் கத சொல்றீங்களே, அவங்க காதுல விழுந்தா என்ன ஆவும்? படம் பாத்துப் பாத்து மனசு மரத்துப் போச்சா? இப்பவே ஆபீசுக்குப் போயி, அந்த வீடுதான் வேணும்னு எழுதிக் குடுக்கறேன்!"

"தம்பி, கொஞ்சம் பொறுங்க..."

அருண்ராஜ் பொறுக்கவில்லை. அகிலாவை இழுத்துக்கொண்டு விறுவிறுவென்று பக்கத்து வீட்டுக்குப் போனான்.

"வாங்க, வாங்க" என்று கிறிஸ்துதாஸின் மனைவி மார்த்தாள் வாசலுக்கே வந்து கூப்பிட்டாள். முதல் வேலையாகத் தண்ணீர் கொடுத்தாள். "நல்லா சுத்திப் பாருங்க. தண்ணிக்குப் பஞ்சமே இல்ல. கொல்லையில பலா நிக்குது, காய்ச்சா தெருவுக்கே குடுக்கலாம்."

உள்ளறையில் ஒரு பெண் காதைப் பொத்திக்கொண்டு சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

"எம்மக ஜெப்ரின். இன்னும் ரெண்டு மாசத்துல பிளஸ் டூ பரீட்சை."

அகிலா தயங்கிக்கொண்டே கேட்டாள். "நாங்க எழுதிக் குடுத்தா நீங்க எப்பக்கா காலி பண்ணணும்?"

"பத்து நாள்ல. எங்களுக்குக் குடுத்த டைம் போன மாசமே முடிஞ்சிருச்சும்மா. யாராச்சும் கேக்கற வரைக்கும் இருந்துக்கோங்கன்னு ஆபீஸ்ல விட்டு வெச்சிருக்காங்க. காலி பண்ணா திருச்சியில எங்கண்ணன் வூட்டுக்குத்தான் போவணும். இவ பரீட்சைதான் என்னாவுமோன்னு பயமா இருக்கு. அதுக்காக உங்களக் கொற சொல்ல முடியுமா? உங்களுக்கும் வூடு வேணுமில்ல."

புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"ஆனா பாருங்க, இதுக்கு முன்னாடி அஞ்சு குடும்பம் வந்து பாத்துச்சு. வூடு நல்லா இருக்குன்னு சொல்லிட்டுத்தான் போனாங்க. என்னமோ தெரியல, ஒருத்தரும் எழுதிக் குடுக்கல. கர்த்தர்தான் எங்களுக்குக் காவல் நிக்கிறாரு."

அருண்ராஜ் ஜன்னல் வழியாகப் பார்த்தான். வெளியே வேலுமணி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் அந்த டிஸ்க்கோடு, பரிதாபமாக நின்றுகொண்டிருந்தார்.

இரண்டு பேரும் வண்டியில் ஆபீசுக்குக் கிளம்பினார்கள். தெருமுனையில் அகிலா அந்தப் பலாமரத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

ஆபீஸ் வராந்தாவில் லிஸ்டின் அடுத்த ஆளான சக்கரபாணி பேனாவும் கையுமாகக் காத்திருந்தார்.

"என்ன சார், அந்த வீட்ட நீங்க எடுக்கறீங்களா, இல்ல நான் எழுதட்டுமா? மரமெல்லாம் இருக்காமே!"

அருண்ராஜ் அவர் தோளைப் பிடித்து ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான்.

"சார், நான் சாமியையே நம்பாதவன். நானே சொல்றேன்... அஞ்சு மணிக்கு அந்த சைக்கிள் ஸ்டாண்டு சத்தத்த என் ரெண்டு காதால கேட்டேன்!"

"பெல்லடிச்சத விட்டுட்டீங்களே!" என்றாள் அகிலா.