பொறுக்கி எறிந்த அரிசி

ஆத்தூரின் காலை வெயில் தென்னங்கீற்றுகளுக்கிடையே இறங்கி, சுகன்யாவின் மடியில் இருக்கும் சுளகின் மேல் கோடு கோடாக விழுகிறது. சுளகு நிறைய ரேஷன் அரிசி. அதில் அங்கங்கே லேசான மஞ்சளில், அச்சில் வார்த்தது போல் ஒரே அளவாகக் கிடக்கும் மணிகளை அவள் விரல்நுனியால் ஓரத்துக்குத் தள்ளுகிறாள். சோகை தீரட்டும் என்று இரும்புச்சத்து சேர்த்து அரசாங்கம் கலந்து அனுப்பும் மணிகள் அவை. ரேஷன் கடைச் சுவரில் அப்படித்தான் எழுதி ஒட்டியிருக்கிறது. தெருவில் அதற்குப் பெயர் பிளாஸ்டிக் அரிசி. தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கும் தங்கை வினிதா, ஒரு குடம் தண்ணீரை இறக்கி வைத்ததற்கே மூச்சு வாங்கிக்கொண்டு, பக்கத்தில் வந்து உட்காருகிறாள்.

“ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்குன்னு நர்சம்மா வையுதுக்கா.”

“இருக்காதா பின்ன? ஒன் மாமியா வீட்ல அரிசியை அப்படியே அள்ளி ஒலையில போட்டிருப்பாக. நான் ஒண்ணு விடாமப் பொறுக்கிட்டுத்தான் பொங்குறேன். இனிமே பாரு.”

சுகன்யா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு தங்கையின் கீழிமையை இழுத்துப் பார்க்கிறாள். உள்ளே அரிசி கழுவிய தண்ணீரின் நிறம். “செத்த நேரம் படு, போ” என்கிறாள். பிறகு ஓரத்தில் சேர்ந்த மணிகளை வழித்தெடுத்து முற்றத்தில் வீசுகிறாள். எங்கிருந்தோ கோழி ஓடி வருகிறது. குனிந்து குனிந்து கொத்துகிற அதன் கொண்டை, வெயிலில் செக்கச்செவேலென்று இருக்கிறது.