பன்னிரண்டாவது ஆள்

உலகத்தாருக்கு ஒரு முக்கிய அறிவிப்பு. டெஸ்ட் கிரிக்கெட் தோன்றிய நாள் முதல் இன்றுவரை ஆடியவர்களில் மாபெரும் ஆல்ரவுண்டர்கள் பதினொருவர் யார் யார் என்ற கேள்விக்கு, கிரிக்கெட் சங்கத்தின் மாடி அறையில், மின்விசிறி ஓடாததால் ஜன்னல்கள் திறந்த நிலையில், இறுதி விடை காணப்பட்டது. இனி இதுபற்றி யாரும் சண்டை போட வேண்டியதில்லை.

விடை கண்டவர் நடுவர் குழுத் தலைவர். புள்ளிவிவரப் புலி. பதினோரு பெயர்களுக்குக் கீழே சிவப்புப் பேனாவால் இன்னொரு பெயரை எழுதி, மை காய ஊதினார். இருபத்தெட்டு வருஷ மூக்கடைப்பு அன்றைக்குத்தான் விலகியதுபோல் அவர் முகத்தில் ஒரு நிம்மதி.

"தலைவரே, நம்ம பீரங்கி பன்னிரண்டாவதா?" முன்னாள் அம்பயர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "மூவாயிரம் ரன், இருநூறு விக்கெட். மூணாவது இடமாவது தேறாதா?"

"அது பாமரர் கணக்கு. நான் ஒரு பத்தி கூடுதலா சேர்த்திருக்கேன். கூட ஆடுறவனை ரன்-அவுட் ஆக்கினா கழிவு. அவருக்கு மட்டும் முப்பத்தொண்ணு."

"சரி, பட்டியலே பதினொரு பேருக்குத்தானே? பேசாம அவரை விட்டுடலாமே."

விட்டுவிட்டால், 'ஏதோ மறந்துட்டாங்க' என்று பீரங்கி ஊரெல்லாம் சொல்லித் திரிவார். தலைவருக்கு அது போதாது.

"அணின்னா பன்னிரண்டாவது ஆள் இல்லாமலா? இந்தாங்க, ஏழாவது விதி. 'பதினொருவரில் ஒருவர் வர இயலாதுபோனால், பன்னிரண்டாமவர் அவ்விடத்தில் இறங்குவார்.' மைதானத்துல உள்ள வழக்கம்தானே!"

அம்பயர் கையெழுத்துப் போட்டார். மூன்றாவது நடுவரான வானொலி வர்ணனையாளரும் தூக்கத்திலிருந்து எழுந்து போட்டார்.

அந்த வழக்கம் தலைவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஒன்பது வருஷம், முப்பத்தெட்டு டெஸ்ட், அத்தனையிலும் அவர்தான் பன்னிரண்டாவது ஆள். அவரும் ஆல்ரவுண்டர்தான், ஆனால் அந்த இடத்தில் பீரங்கி அசையாமல் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் சுமந்தே காலம் போனதால் தலைவருக்கு அணியில் பெயர் 'குழாய்'. வைத்தவர் பீரங்கி.

ஒரே ஒருமுறை கதவு திறந்தது. டாஸுக்கு அரைமணி இருக்கும்போது பீரங்கிக்கு நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல். குழாய் காலில் பேட் கட்டிக்கொண்டு தயாராக நின்றார்.

பீரங்கி போர்வையை உதறினார். "குழாய் ஆடறதைப் படுத்துக்கிட்டுப் பாக்கறதுக்கு, நான் ஆடியே செத்துப்போறேன்டா!" என்று இரண்டு மாத்திரைகளை வாயில் போட்டுக்கொண்டார். விழுங்கத் தண்ணீர் கொடுத்ததும் குழாய்தான். அன்று பீரங்கி அடித்தது சதம். எத்தனை பத்தி சேர்த்தும் தலைவரால் இன்றுவரை அந்தச் சதத்தை மட்டும் கழிக்க முடியவில்லை.

விழா நாள் வந்தது. அரங்கம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் பீரங்கி, கோட்டின் நடுப் பட்டனுக்கும் தொப்பைக்கும் நடந்த போரைக் கண்டுகொள்ளாமல், கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

மேடை மேஜையில் முதலிடத்துக்கான வெள்ளிக் கோப்பை. பக்கத்திலேயே, தலைவர் கடை கடையாக ஏறி இறங்கிப் பார்த்து வாங்கிய எவர்சில்வர் ஜக், வாய்வரை தண்ணீரோடு. கூடவே ஒரு டம்ளர். பன்னிரண்டாவது ஆளுக்கு நினைவுப் பரிசு அது. பெயரைக் கூப்பிட்டு, ஆயிரம் பேர் பார்க்க அதைப் பீரங்கி கையில் கொடுத்து, "கொஞ்சம் சுமந்து பாருங்க" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அந்த மூன்று வார்த்தைகளைக் கண்ணாடி முன் ஒரு வாரம் ஒத்திகை பார்த்திருந்தார்.

மைக்கைப் பிடிக்கப் போன நேரத்தில் சங்கச் செயலாளர் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார்.

"சார், முதலிடத்துக்காரர் ஓட்டல்லயே படுத்துட்டார். காய்ச்சல்."

"எவ்வளவு?"

"நூத்திரண்டு."

"மாத்திரை போட்டுக்கிட்டு வரலாமே!" தலைவரின் குரல் கீச்சிட்டது.

"பெரிய மனசு சார் அவருக்கு. 'எனக்குப் பதிலா வேற யாராவது வாங்கட்டும், சந்தோஷம்'னுட்டார். மத்த பத்துப் பேர்ல ஆறு பேர் உயிரோட இல்ல, நாலு பேர் வர முடியாத தூரத்துல இருக்காங்க. கோப்பையை யார் கையில குடுக்கறதுன்னு ஆடிப்போயிட்டேன். நல்லவேளை, ஏழாவது விதி போட்டு வச்சீங்க!"

தலைவர் வாயைத் திறப்பதற்குள் செயலாளர் மைக்கைப் பிடித்துவிட்டார். பன்னிரண்டு என்ற எண் அவர் வாயில் வரவே இல்லை.

பீரங்கி மேடையேறிக் கோப்பையைத் தலைக்கு மேலே தூக்கினார். அரங்கமே எழுந்து நின்றது. நன்றியுரை இருபது நிமிஷம். அதில் பதினைந்து, காய்ச்சலோடு அடித்த சதம் பற்றி. தொண்ணூற்றொன்பதாவது ரன்னில் தொண்டை கட்டியது. திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டினார்.

"குழாய், தண்ணி."

தலைவர் ஏற்கெனவே ஊற்றிக்கொண்டிருந்தார்.