திருப்பி அனுப்புகிற மனிதர்

மூன்றாவது முறையும் விண்ணப்பம் திரும்பி வந்தபோது, தையல்காரம்மா வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டுத்தான் திட்ட ஆரம்பித்தார்.

விஷயம் இதுதான். இரண்டு மாதத்துக்கு முன் புதிதாக ஒரு தையல் மெஷின் வாங்கினார். விலையில் பத்தில் ஒரு பங்கு 'ரிபேட்' உண்டு என்றார் கடைக்காரர். தள்ளுபடியா என்று கேட்டதற்கு, தள்ளுபடி என்றால் இப்போதே குறைப்பது, ரிபேட் என்றால் முழு விலையும் வாங்கிக்கொண்டு பிறகு கம்பெனி ஒரு பகுதியைத் திருப்பித் தருவது என்று விளக்கினார்.

"திருப்பித் தர்ற காசை எதுக்கு வாங்கணும்? இப்பவே கழிச்சுக்கலாமே?"

"இப்பவே கழிச்சா எல்லாருக்கும் கழிக்கணும்க்கா. அப்புறம்னா, விடாம கேக்கறவங்களுக்கு மட்டும் குடுத்தாப் போதும்" என்றவர், வாய் தவறிவிட்டது தெரிந்து பில் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

தையல்காரம்மா விடாமல் கேட்கிற ரகம். அந்தத் தொகையை நம்பி, துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷின் ஒன்றுக்கு வேறு சொல்லி வைத்துவிட்டார். படிவத்தை நிரப்பி, பில் நகலோடு, பெட்டியில் இருந்த கோடு கோடான பார்கோடு சீட்டையும் வெட்டி அனுப்பினார்.

சீட்டில் ஓரக் கோடு ஒன்று குறைகிறது, மிச்சத்தையும் வெட்டி ஒட்டி அனுப்பவும் என்று திரும்பி வந்தது. இருபது வருஷமாகத் துணி வெட்டுகிறவருக்கு இது பெரிய அவமானம். ஒட்டி அனுப்பினார். பில்லில் கடை முத்திரை இல்லை என்று வந்தது. முத்திரை வாங்கி அனுப்பினார். இப்போது, பில்லில் இனிஷியல் முன்னால் இருக்கிறது, படிவத்தில் பின்னால் இருக்கிறதாம். திரும்பி வந்த மூன்று கடிதத்திலும் ஒரே ஆளின் கையெழுத்து.

பக்கத்துக் கடை இஸ்திரிக்காரரும் அதே கடையில் அதே கம்பெனியின் இஸ்திரிப் பெட்டி வாங்கியிருந்தார். அவருக்குச் சீட்டு வெட்டிக் கொடுத்ததும், படிவம் நிரப்பிக் கொடுத்ததும் தையல்காரம்மாதான். அதனால் அதே மூன்று குறையும் அதிலும் அச்சுப் பிசகாமல் இருந்தன. அவற்றைச் சரிசெய்துவிடலாமா என்று இஸ்திரிக்காரர் கேட்டார்.

"எதையும் மாத்தாதீங்கண்ணே. இதெல்லாம் அந்த ஆளோட குசும்பு. நேர்லயே போய்க் கேட்டுடலாம்."

மறுநாள் இருவரும் கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பினார்கள்.

ரிபேட் ஆபீஸ் மாடியில் இருந்தது. உள்ளே இரண்டு மேசைகள். முதல் மேசையில் இருந்த அம்மா எழுந்து நின்று வரவேற்றார். இஸ்திரிக்காரரை உட்காரச் சொன்னார், குடிக்கத் தண்ணீர் கொடுத்தார், விண்ணப்பத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நான் பார்த்துக்கொள்கிறேன், கவலைப்படாமல் போங்கள் என்றார். இரண்டே நிமிஷத்தில் வேலை முடிந்தது.

இரண்டாவது மேசையில் இருந்தவர்தான் அந்தக் கையெழுத்துக்காரர். கஞ்சி போட்டுத் தேய்த்த மாதிரி ஒரு முகம். வா என்றும் சொல்லவில்லை, உட்கார் என்றும் சொல்லவில்லை. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, விண்ணப்பத்தை முதல் எழுத்திலிருந்து படித்தார்.

தன் விண்ணப்பத்தை அந்த அம்மாவிடம் மாற்றிவிடச் சொன்னார் தையல்காரம்மா. முடியாது என்றார் அவர். சொன்னதோடு, நாலாவதாக ஒரு பிழையையும் கண்டுபிடித்தார். மெஷின் வாங்கிய தேதி இருக்க வேண்டிய இடத்தில் கையெழுத்துப் போட்ட தேதி இருந்தது.

"இங்கயே அடிச்சுத் திருத்தித் தர்றேன்."

"அடித்தல் இருக்கக் கூடாது" என்று புதுப் படிவம் ஒன்றைத் தள்ளினார்.

தையல்காரம்மா அழுத்தின அழுத்தில் அடுத்த தாளிலும் எழுத்து பதிந்தது. அவர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு எடுத்து வைத்துக்கொண்டார்.

புகார் கொடுக்க வேண்டும், உங்கள் பெயரைச் சொல்லுங்கள் என்றார் தையல்காரம்மா. அவர் ஒரு சீட்டில் இனிஷியலோடு எழுதிக் கொடுத்தார்.

திரும்பும் வழி நெடுக தையல்காரம்மாவுக்கு அதே பேச்சுதான். அந்த அம்மாவைப் போல நாலு பேர் இருந்தால் நாடு எங்கேயோ போய்விடும் என்றார். அந்த ஆள் வீட்டில் சோற்றைக்கூடத் திருப்பித்தான் அனுப்புவார் என்றார். இஸ்திரிக்காரர் அதிர்ஷ்டக்காரர் மாதிரி அடக்கமாக நடந்து வந்தார். புகார் எழுதத்தான் நேரம் கிடைக்கவில்லை, தைக்க வேண்டிய துணி குவிந்து கிடந்தது.

பன்னிரண்டாம் நாள் இரண்டு கடைக்கும் கம்பெனித் தபால் வந்தது.

தையல்காரம்மா உறையைப் பிரித்தார். காசோலை. ஒரு பைசா குறையவில்லை. அந்த ஆளை எப்படி ஜெயித்தேன் பார்த்தீர்களா என்று சொல்லப் பக்கத்துக் கடைக்கு ஓடினார்.

இஸ்திரிக்காரர் கண்ணாடி இல்லாமல் தடுமாறிக்கொண்டிருந்தார். கடிதத்தை நீட்டி, எவ்வளவு போட்டிருக்கிறது என்று பார்க்கச் சொன்னார்.

தையல்காரம்மா சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். போகப் போகக் குரல் இறங்கியது.

"சீட்டில் ஒரு கோடு குறைகிறது. பில்லில் கடை முத்திரை இல்லை. இனிஷியல் இடம் மாறியுள்ளது. பிழையுள்ள விண்ணப்பம் எங்கள் விதிப்படி நிராகரிக்கப்படுகிறது. நிராகரிக்கப்பட்டவர் மறுபடி விண்ணப்பிக்க இயலாது."

கீழே அந்த அம்மாவின் கையெழுத்து.

தையல்காரம்மா கடிதத்தைப் பார்த்தார். கையில் இருந்த காசோலையைப் பார்த்தார்.

"ஏண்ணே, அன்னிக்கு அந்தம்மா உங்ககிட்ட ஒரு குறையும் சொல்லலையா?"

"ஒண்ணும் சொல்லலையே தங்கச்சி" என்றார் இஸ்திரிக்காரர். "கடைசி வரைக்கும் சிரிச்ச முகமாத்தானே இருந்தாங்க."