மாப்பிள்ளை சொன்ன அரபுப் படம்

“கொலைகாரன் தோட்டக்காரன்தான், அவனே ஒத்துக்கொள்றான்” என்று ரிஃபாஸ் சொன்னதும் வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டது. டிவியில் அந்தத் தோட்டக்காரன் பொலிஸ் அதிகாரிக்கு முன்னால் நெஞ்சில் கைவைத்து அழுதுகொண்டிருந்தான்.

அரபுப் படம், கீழே எழுத்துக்கூட ஓடவில்லை. இப்படியொரு கொலைப் படத்தை அந்த வீட்டில் ஒருவரும் முன்பு பார்த்ததில்லை. ஜும்ஆ முடிந்து, பிரியாணி தின்று, மாமனார், கல்பிட்டிக் கருவாட்டு யாவாரி ஜபார், தரையில் பாய்விரித்துச் சாய்ந்திருக்க, புதுமாப்பிள்ளை ரிஃபாஸ் கதிரையில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டிருந்தான்.

ரிஃபாஸ் கட்டாரில் இருந்தவன். கலியாணப் பேச்சில் அவனுடைய ஆட்கள், அவனுக்கு அரபு தண்ணிமாதிரி ஓடும் என்று அளந்துவிட, அவனும் மறுக்காமல் இருந்துவிட்டான். உண்மையில் அவன் பெட்டி தூக்கிய கிட்டங்கியில் நேபாளிகளும் மலையாளிகளும்தான். அங்கே பொறுக்கிய அரபு ஒரு கைக்குள் அடங்கும், அதிலும் பாதி ஏச்சு.

திங்கட்கிழமை ஓர் அரபி கருவாடு வாங்க வருகிறான். பேரம் பேச மருமகன் இருக்கிறான் என்று ஜபார் கடைத்தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். இன்றைய படம் அதற்கு ஒரு வெள்ளோட்டம்.

விலை தெரியாத சாமானை விற்பவன்போல ரிஃபாஸ் முகங்களைப் பார்த்துப் பார்த்து அடித்துவிட்டான். ஒருத்தி கத்தினால் சொத்துச் சண்டை, ஒருத்தன் கிசுகிசுத்தால் நஞ்சு வாங்கச் சொல்கிறான். ஒவ்வொன்றுக்கும் மனைவி றுமானா பெருமையோடு அவனை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வைதான் அவனைச் சுட்டது.

படத்தில் ஒரு கிழவன் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு ஏதோ சொன்னான். பாக்கு வெட்டிக்கொண்டிருந்த மாமி, றுமானாவின் உம்மா ஜுனைதா, களுக்கென்று சிரித்துவிட்டார். ரிஃபாஸ் அவசரமாக, கிழவன் பகிடி விடுகிறான் என்று சொல்லி வைத்தான்.

கடைசியில் வந்தது வினை. பொலிஸ் தோட்டக்காரனை விட்டுவிட்டு விதவையின் கையில் விலங்கை மாட்டியது. பாவம், புருசனை நினைத்து அழுகிறா என்று ரிஃபாஸ் படம் முழுக்க இரங்கிக்கொண்டிருந்த அதே விதவை.

ஜபார் எழும்பி உட்கார்ந்தார். யாவாரி அல்லவா, கதை எங்கேயாவது இடித்தால் விடமாட்டார்.

“மருமகன், அவன் தன்ட வாயாலயே ஒத்துக்கொண்டான் எண்டீங்களே? பிறகு இவவ ஏன் புடிக்கிறாங்க?”

ரிஃபாஸ் ரிமோட்டை எடுத்து டிவியின் சத்தத்தைக் குறைத்தான். றுமானாவின் பக்கம் திரும்ப அவனுக்குத் தைரியம் வரவில்லை.

மாமிதான் குறுக்கே வந்தார். “அவவக் காப்பாத்தத்தான் அவன் பழியத் தன்ட தலையில போட்டுக்கொண்டான். மாப்பிள்ளை சரியாத்தான் சொன்னார். நீங்கதான் நடுவில கொறட்ட விட்டீங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். ஜபாரும் சமாதானமாகி அஸர் தொழப் போய்விட்டார்.

ரிஃபாஸ் குசினிப் பக்கம் நடந்தான். அரபிக்கு முன்னால் மாமாவின் மானம் கப்பலேறுவதற்குள் யாரிடமாவது உண்மையைக் கக்கிவிட வேண்டும். படிப்பில்லாத மாமியிடம் சொல்வது கொஞ்சம் லேசு என்று பட்டது.

அவன் வாயெடுக்கும் முன்னே மாமி தேத்தண்ணிக் கோப்பையை நீட்டி, மெல்ல ஏதோ சொன்னார்.

அரபு. பள்ளிவாசலில் ஓதக் கேட்ட அரபல்ல, அரபு வீட்டுக் குசினியில் வருசக்கணக்காய் நின்று வேலை செய்தவர்களுக்கு மட்டும் வாய்க்கிற, தடங்கலில்லாத பேச்சு அரபு. கலியாணப் பேச்சில் பெண்வீட்டாரும், மாமி அரபு நாட்டில் வேலைக்கு நின்ற சங்கதியை மறைத்துத்தான் இருக்கிறார்கள்.

ரிஃபாஸுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. தலையைக் குனிந்து கோப்பையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மாமி வாசல் பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தித் தமிழில் சொன்னார்.

“சீனி போதுமா எண்டு கேட்டன், மகன்.”