காட்டுக்குள் பத்தடி

சோலைக்காட்டுக்குள் சிறுவர்களைக் குடும்பத்தோடு வந்தால்தான் விடுவார்கள். பதினெட்டு வயது ஆகாத பிள்ளையோடு அப்பா, அம்மா இருவரும் வரவேண்டும். பிரிந்து வாழ்கிறவர்களுக்கும் விலக்கில்லை. வாசலில் எல்லார் மணிக்கட்டிலும் பட்டை கட்டுவார்கள். ஒருவர் பத்தடி விலகினாலும் எல்லாப் பட்டைகளும் அதிரும்.

விவாகரத்துக்குப் பிறகும் மகள் மகிழினிக்காகக் குணாளனும் பவானியும் மாதம் ஒருமுறை கோயம்புத்தூரிலிருந்து மலையேறி வந்தார்கள். பவானிக்குப் பக்கத்தில் நடக்கக் குணாளனுக்கு அந்த ஒரு பகல்தான் கிடைத்தது.

"அடுத்த மாசம் எனக்குப் பதினெட்டு. இனி உங்க ரெண்டு பேரையும் கெஞ்சிக் கூட்டிட்டு வர வேண்டியதில்ல," என்று மகிழினி சிரித்தாள்.

"அப்பாடா, என் முட்டி பிழைச்சுது," என்றாள் பவானி.

குணாளன் நடையைக் குறைத்துக்கொண்டே வந்து நின்றுவிட்டான். மூன்று கைகளிலும் பட்டை அதிர்ந்தது. பவானி திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா வேணும்னே பண்றாரும்மா."

"நீ சும்மா இரு. ஏனுங்க, மூச்சு வாங்குதா?"

வாங்கவில்லை. "ஆமா," என்றான்.

பவானி ஓடையோரப் பாறையில் உட்கார்ந்து, பக்கத்து ஈரத்தை முந்தானையால் துடைத்தாள்.

"வந்து உட்காருங்க. எனக்கொண்ணும் அவசரமில்ல."