தின்னாத சேவு

ஃப்ரிட்ஜின் குமிழை அவர் ஏழில் வைத்திருந்தார். மெக்கானிக் இருதயராஜ் அதைப் பூஜ்யத்துக்குத் திருப்பினான்.

மோட்டார் நிற்கவில்லை.

மறுபடி திருப்பினான். ஓடிக்கொண்டேயிருந்தது.

தெர்மோஸ்டாட் போய்விட்டது என்றான். வேண்டிய அளவு குளிர் வந்ததும் மோட்டாரை நிறுத்துவதுதான் அதன் வேலை. இதில் முனைகள் இரண்டும் ஒட்டிப்போய்விட்டன. இனி ராப்பகலாக ஓடிக்கொண்டுதான் இருக்கும். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டான்.

சித்திரையிலிருந்து என்றார் அவர்.

தயிர் பாளமாகும். தக்காளி கல்லாகும். பூரணம் அப்போதே புலம்பினாள். நன்றாகக் குளிர்வதும் ஒரு குறையா என்று மனைவியின் வாயை அடைத்தார். ஆவணியில் அவள் செத்துப்போனாள். அதன்பிறகு காலைக் காபிக்குப் பால் பாக்கெட்டைத் தரையில் குத்தி உடைக்க வேண்டியவர் அவரே என்று ஆனது. ஒரே மாதத்தில் மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிட்டார்.

இருதயராஜ் உள்ளிருந்த சாமான்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தான். ஃப்ரீசருக்கு நேர் கீழே, பின்சுவரை ஒட்டி, இரண்டு சின்னப் புட்டிகள்.

பூரணத்தின் இன்சுலின். எடுத்து எறிய அவருக்கு மனம் வரவில்லை.

கதவுத் தட்டில் இருந்ததை அங்கே நகர்த்தி வைத்ததும் அவர்தான். கதவைத் திறந்து திறந்து மூடினால் மருந்து சூடாகிவிடும் அல்லவா. விடிந்ததும் எடுத்து, ஐஸ் கரையும்வரை உள்ளங்கையில் வைத்து உருட்டுவார். ஊசியும் அவரே போடுவார். ஒருநாள் தவறியதில்லை. அதில் அவருக்குப் பெருமை.

இருதயராஜ் ஒரு புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

"இது உறையவே கூடாதுல்ல அண்ணாச்சி. எங்க அம்மாவுக்கும் போடுறோம். ஒரு தடவை உறைஞ்சிட்டா, போட்டாலும் ஒண்ணுதான், போடாட்டியும் ஒண்ணுதான்."

அவர் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார்.

அந்த மாதங்களில் அவளுக்குச் சர்க்கரை நானூறுக்குக் கீழே இறங்கவேயில்லை. டாக்டர் அளவைக் கூட்டிக்கொண்டே போனார். அப்படியும் இறங்கவில்லை.

சாத்தூர் சீனிச் சேவு என்றால் பூரணத்துக்கு உயிர். திருட்டுத்தனமாகத் தின்கிறாள் என்று அவர் முடிவு கட்டினார். முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். பொய் சொல்கிற முகம் அவருக்குத் தெரியாதா?

அரிசிப் பானைவரை கையை விட்டுத் துழாவினார். மடியை உதறிக் காட்டச் சொன்னார். அவள் உதறிக் காட்டினாள்.

ஒரு துணுக்குகூடச் சிக்கவில்லை.

திங்கல, திங்கல என்று மூன்று மாதம் சொன்னாள்.

பிறகு ஒருநாள், ஆமா தின்னேன் என்றாள். டாக்டர் முன்னால். மகள் முன்னால்.

அதற்கப்புறம் அவர் ஏசவில்லை. கடைசியில் ஒப்புக்கொண்டாளே என்று திருப்திப்பட்டார். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கவும் செய்தார்.

இப்போது பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டார். கண்ணில் நீர் கொட்டியது. அந்நிய ஆள் பார்க்கிறானே என்றுகூடத் தோன்றவில்லை.

ஓசூரில் இருக்கும் மகள் தமயந்திக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. வாயைக் கட்டாமல் எங்களை அநாதையாக்கிவிட்டுப் போனாள் என்று, அம்மாவின் படத்துக்கு ஒரு பூகூட வைப்பதில்லை.

அவர் போனை எடுத்தார். விரல் இரண்டு தடவை வேறு பெயரில் பட்டது.

"அம்மா திங்கலடி."

யார் சொன்னது என்று கேட்டாள் தமயந்தி. அவர் போனை இருதயராஜிடம் நீட்டி, சொல்லு என்பதுபோல் தலையை ஆட்டினார்.

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. மகள் ரிப்பேரைப் பற்றி விசாரிக்கிறாள் என்று நினைத்தான். கையைத் துணியில் துடைத்துவிட்டுப் போனை வாங்கினான்.

"ஒண்ணுமில்லக்கா. ஃப்ரிட்ஜுக்குள்ள தெர்மோஸ்டாட்டுன்னு ஒண்ணு இருக்கும்," என்று பொறுமையாக, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தான்.